இரண்டு விரல் இடம்

தம்பியின் இடது கையை நாற்காலியோடு சேர்த்துக் கட்டுவதுதான் அக்காவுக்குக் காலையில் முதல் வேலை. அடுப்பைப் பற்றவைப்பதுகூட அதற்குப் பிறகுதான். முழங்கைக்குக் கீழே ஒரு பட்டை, மணிக்கட்டில் ஒரு பட்டை. இரண்டும் அவள் தைத்தவை. உள்பக்கம் பழைய போர்வைத் துணி, வெளிப்பக்கம் முரட்டுக் காடாத் துணி, ஓரம் தோலை அறுக்காதபடி மடித்து அடித்த தையல். கட்டி முடித்ததும் பட்டைக்கும் கைக்கும் நடுவே தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்ப்பாள். விரல் நுழையாவிட்டால் இறுக்கம், கை மரத்துப்போகும். தாராளமாக நுழைந்தால் தளர்ச்சி. கை ஒரே உதறலில் வெளியே வந்து எதிரே இருப்பவர் மூக்கைப் பதம் பார்த்துவிடும். இரண்டு விரல் இடம் என்பது அவன் சொல்லி வைத்த அளவு. கட்டு சரியாக விழுந்தால் "ம்" என்பான். அந்த ஒரு "ம்" வருவதற்கே வாய் கோணி, கழுத்து ஒரு பக்கம் திருகி, தோள் காதைத் தொட்டு இறங்க வேண்டும்.

அக்கா வீட்டிலேயே தையல் மிஷின் போட்டிருந்தாள். துணி கொடுக்க வருகிறவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்து முகம் சுளிப்பார்கள். ஒருத்தி வாசலிலேயே நின்று, கூடப்பிறந்தவனை இப்படிக் கட்டிப்போட உனக்கு எப்படித்தான் மனசு வருகிறதோ என்று கேட்டுவிட்டாள். அவன் நீளமாக ஏதோ சொன்னான். அவன் பேச்சு தண்ணீருக்கடியில் இருந்து வருவதுபோல இருக்கும். முதல் எழுத்து கிளம்பி, நடுவில் மூச்சு தீர்ந்து, கடைசி எழுத்து வெடித்து வரும். வந்தவள் அக்காவைப் பார்த்தாள்.

"இதுதான் அவனுக்கு வசதின்னு சொல்றான்" என்றாள் அக்கா.

அவன் நாற்காலி அதிர உதறினான். சொன்னதைச் சொல்லு என்று அர்த்தம். அக்கா பெருமூச்சு விட்டு முழுவதையும் சொன்னாள்:

"கட்டலன்னா இந்தக் கை உங்க கன்னத்துல விழும், பரவாயில்லையான்னு கேக்கறான்."

இப்படித்தான் அந்த வீட்டில் ஒரு சட்டம் ஏற்பட்டது. அவன் பேச்சை அக்கா மாற்றிச் சொல்லக் கூடாது. நல்லதோ கெட்டதோ, திட்டோ கேலியோ, அவன் சொன்னது சொன்னபடி போய்ச் சேர வேண்டும். என் கை கால்தான் என் பேச்சைக் கேட்பதில்லை, நீயுமா என்பது அவன் வாதம். 

அவன் பிறந்தபோது எந்தக் குறையும் இல்லை. நல்ல எடை, நல்ல அழுகை. இரண்டு நாளில் உடம்பு மஞ்சளாயிற்று. பிறந்த குழந்தைக்கு மஞ்சள் வருவது சகஜம், வெயிலில் காட்டினால் போய்விடும் என்று எல்லோரும் சொன்னார்கள். அம்மா காட்டினாள். மஞ்சள் முகத்திலிருந்து வயிற்றுக்கும், வயிற்றிலிருந்து காலுக்கும் இறங்கியது. குழந்தை பால் குடிப்பதை நிறுத்தி, வில்லாக வளைந்து, கீச்சுக் குரலில் அழ ஆரம்பித்த பிறகுதான் ஆஸ்பத்திரிக்கு ஓடினார்கள். அதற்குள் அந்த மஞ்சள் மூளைக்குள் போய், உடம்பின் அசைவுகளைக் கட்டி மேய்க்கிற இடத்தை அரித்துவிட்டது. அந்த இடத்தை மட்டும்தான். அறிவு இருந்த இடத்தை அது தொடவில்லை. இது தெரிய வருவதற்குப் பல வருடம் ஆயிற்று. அதுவரைக்கும் ஊர் அவனை மந்தம் என்றே வைத்திருந்தது.

எப்படிப்பட்ட நோய் என்று அவனைவிட நன்றாக யாரும் விளக்கியதில்லை. ஒரு வீட்டில் ஒருத்தரைக் கூப்பிட்டால் ஒருத்தர் வர வேண்டும். என் வீட்டில் ஒருத்தரைக் கூப்பிட்டால் எல்லோரும் எழுந்து ஓடி வந்து ஒருத்தர் மேல் ஒருத்தர் விழுகிறார்கள் என்பான். வலது கையை நகர்த்த நினைத்தால் இடது கை மேலே போகும். பேச நினைத்தால் கழுத்து திருகும். சும்மா இருக்கும்போது ஆட்டம் கொஞ்சம் தணியும். யாராவது உற்றுப் பார்த்தால் இரண்டு மடங்காகும். கோபத்தைவிடச் சந்தோஷத்தில் அதிகம் ஆடும். அதனால் அக்கா அவனுக்கு நல்ல செய்தி எதையும் சாப்பாட்டுக்கு முன்னால் சொல்ல மாட்டாள்.

தூங்கும்போது மட்டும் எல்லாம் நின்றுவிடும். மத்தியான வேளையில் அவன் கண்ணயர்ந்தால் அம்மா கையில் இருக்கும் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். விரல்கள் விரிந்து, கழுத்து நேராகி, முகம் துடைத்துவிட்டதுபோல இருக்கும். "இப்பப் பாரு, ஒண்ணுமே இல்லாத பிள்ளை மாதிரி இருக்கான்" என்று மகளிடம் கிசுகிசுப்பாள். விழித்ததும் ஆட்டம் தொடங்கும். அம்மா எழுந்து போய்விடுவாள். இந்த ஆட்டம் ஒரு நாள் அடங்கணும், அதைப் பார்த்துட்டுத்தான் கண்ணை மூடணும் என்பது அவளுடைய ஒரே வேண்டுதல். பார்க்காமலேயே மூடினாள். வேண்டுதல் மட்டும் மகள் கைக்கு வந்து சேர்ந்தது.

அக்காவுக்குக் கல்யாணப் பேச்சுகள் வந்தன. வந்தவர்கள் நாற்காலியைப் பார்த்துவிட்டுப் போய் யோசித்துச் சொல்கிறோம் என்றார்கள். நல்ல மாப்பிள்ளை நிற்பான், மற்றவன் ஓடுவான், நான் உனக்கு வடிகட்டிக் கொடுக்கிறேன் என்றான் தம்பி. வடிகட்டியதில் ஒருத்தரும் மிஞ்சவில்லை. அவள் அதைப் பற்றிப் பேசுவதை நிறுத்திவிட்டாள். அவன் அதைப் பற்றிக் கேலி செய்வதை நிறுத்திவிட்டான்.

தெருப் பையன்கள் அவனுக்கு 'டான்ஸ் மாஸ்டர்' என்று பேர் வைத்தார்கள். நாளடைவில் டான்ஸ் உதிர்ந்து மாஸ்டர் மட்டும் நின்றது. புதிதாகக் குடிவந்தவர்கள் அவன்தான் தையல் மாஸ்டர், அக்கா உதவிக்கு இருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டு அவனிடம் அளவு கொடுக்க நின்றதும் உண்டு.

வேலை கிடைத்தது பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் இருந்த வண்டி ஸ்டாண்டில். ஸ்டாண்டின் முதலாளி பருத்த மனிதர். உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராதவர். வண்டி வரும்போதெல்லாம் எழுந்துபோய்த் தடுப்புக் கம்பியைத் தூக்க அவருக்கு அலுப்பு. மாஸ்டரின் உடம்பில் பேச்சைக் கேட்கிற ஒரே உறுப்பு வலது கால் என்று அக்கா சொன்னாள். முதலாளி வெல்டிங்காரரைக் கூட்டிவந்தார். அக்காவின் பழைய தையல் மிஷினில் இருந்த இரும்பு மிதியைக் கழற்றிக் கம்பி இழுத்து, மறுமுனையில் பாரம் கட்டி, மாஸ்டர் மிதித்தால் தடுப்பு எழும்படி செய்துவிட்டார்கள். மிதியை விட்டால் இறங்கும்.

"நான் கையால தூக்கறதை நீ காலால தூக்கற. உனக்குக் கொழுப்பு ஜாஸ்தி மாஸ்டர்" என்றார் முதலாளி முதல் நாளே.

"உங்களுக்குத்தான் ஜாஸ்தி. அதனாலதான் எனக்கு வேலை" என்றான் மாஸ்டர். அக்கா சொன்னபடியே சொன்னாள். முதலாளி தொப்பை குலுங்கச் சிரித்தார். சிரித்த முகத்தைப் பார்த்த மாஸ்டருக்கு ஆட்டம் தாங்கவில்லை; தடுப்பு நாலு முறை எழுந்து இறங்கியது.

காலையில் அக்கா சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய் விடுவாள், சாயங்காலம் கூட்டி வருவாள். இடையில் அவன் ஒரு வேலைக்காரன். குடித்துவிட்டு வேலை பார்க்கிறான் என்று புகார் சொன்னவர்களும் உண்டு. நீங்க வாங்கிக் குடுத்தா குடிக்கிறேன் என்பான். கேட்டவர்களுக்குப் புரியாது, முதலாளி மட்டும் சிரிப்பார். கொஞ்ச நாளில் அவருக்கும் அவன் பேச்சு பிடிபட்டுவிட்டது. உலகத்தில் அவனைப் புரிந்துகொள்ளும் ஆட்கள் இருவராயினர். அது போதும் என்று அவன் இருந்தான். அந்த வலது காலை வைத்துக்கொண்டு சம்பளம் வாங்கினான், சண்டை போட்டான், நன்றாகவே வாழ்ந்தான்.

நாற்பது வயதைத் தாண்டிய பிறகு ஒரு காலையில் அக்கா பட்டையைக் கட்டிவிட்டு விரல் நுழைத்தாள். கை எதிர்க்கவில்லை. வழக்கமாகப் பட்டைக்குள் அது மீன்போலத் துள்ளும். அன்று கட்டினபடி கிடந்தது. மறுநாளும் கிடந்தது. சில வாரங்களில் கட்டாமல் விட்டுப் பார்த்தாள். கை மடியில் இருந்தது, வேறு யாருடைய கையோபோல, சாதுவாக.

 இதைப் பார்க்க அம்மா இல்லையே என்று அக்கா முதலில் நினைத்தாள். எதிர்வீட்டம்மா வந்து பார்த்துவிட்டு, கடவுள் கண்ணைத் திறந்துட்டார் என்றாள். முதலாளி, மாஸ்டர் டான்ஸை விட்டுட்டு டீசன்ட் ஆயிட்டாரே என்றார். பார்த்தவர்கள் எல்லோரும் வாழ்த்தினார்கள். அக்கா ஒரு மத்தியானம் உட்கார்ந்து அந்தப் பட்டைகளின் தையலைப் பிரித்தாள். காடாத் துணியை இஸ்திரி மேசைக்கு விரிப்பாக்கினாள். போர்வைத் துணி மிஷின் துடைக்கப் போயிற்று. பிரிக்கும்போது அவள் முணுமுணுவென்று ஏதோ பாடிக்கொண்டிருந்தாள்.

மாஸ்டர் பார்த்துக்கொண்டே இருந்தான். பிறகு சொன்னான்:

"அக்கா, கை அடங்கல. எங்கிட்டேருந்து போயிட்டிருக்கு."

"வாயை வச்சுக் கெடுக்காதடா" என்றாள் அவள்.

அவன் விடவில்லை. கை எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தெரிகிறது, கண்ணை மூடினால் கை இல்லை என்றான். கழுத்தில் இருந்து முதுகுக்கு மின்சாரம் பாய்கிற மாதிரி இருக்கிறது என்றான். அவன் நச்சரிப்புக்காகத் தெருமுனை கிளினிக்குக் கூட்டிப் போனாள். அந்த டாக்டர் சின்ன வயதிலிருந்து அவனைப் பார்ப்பவர். காய்ச்சல் என்று போனாலும், வயிற்றுவலி என்று போனாலும், அது இவனோட பிறவி நோயில வர்றதுதான் என்பார். அன்றும் தூரத்தில் இருந்தே பார்த்தார். ஆட்டம் குறைஞ்சிருக்கே, நல்லதுதானே, வயசானா சிலருக்கு அப்படி ஆகும் என்றார்.

மாஸ்டர் பேச ஆரம்பித்தான். மூச்சைப் பிடித்து, கழுத்தைத் திருகி, முழுதாகச் சொல்லி முடித்தான். கை போகிறது, காலும் போகும் போலிருக்கிறது, கழுத்தைப் பாருங்கள்.

"என்ன சொல்றான்?" என்று டாக்டர் கேட்டார்.

அக்கா சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்தாள். நல்ல வார்த்தை சொன்ன டாக்டரின் வாயில் இருந்து கெட்ட வார்த்தையை வரவழைக்க அவளுக்கு மனம் வரவில்லை. சொல்லிவிட்டால் அது உண்மையாகிவிடும் என்று ஒரு பயம்.

"இப்ப நல்லா இருக்குன்னு சொல்றான் டாக்டர்."

அவன் உதறுவான் என்று அவள் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். அவன் உதறவில்லை. உதற முடியவில்லையா, மனமில்லையா என்று அவளுக்குத் தெரியவில்லை. 

அதன் பிறகு ஒரு வருடம் போயிற்று. ஸ்டாண்டில் ஒரு நாள் தடுப்புக் கம்பி பாதியில் இறங்கி ஒருத்தருடைய ஸ்கூட்டர் விளக்கை உடைத்தது. கால் வழுக்கிவிட்டது என்று முதலாளி சமாளித்தார். இன்னொரு நாள் நாற்காலி நனைந்திருந்தது. தண்ணீர் பாட்டில் கவிழ்ந்துவிட்டது என்று அவரே அக்காவிடம் சொன்னார். பாட்டில் மூடியோடு பக்கத்தில் நின்றது. அக்கா அதைப் பார்த்தாள், கேட்காமல் துடைத்தாள்.

பள்ளி திறக்கும் சமயம். சீருடைகள் குவிந்து கிடந்தன. ஸ்டாண்டுக்கு அன்று விடுமுறை. மாஸ்டர் இஸ்திரி மேசைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு, போகிற வருகிறவர்களுக்கு ஆளுக்கொரு பட்டப்பெயர் வைத்துக்கொண்டிருந்தான். அக்கா சிரித்துக்கொண்டே காலர் அடித்துக்கொண்டிருந்தாள். துணி கருகுகிற மாதிரி வாசனை வந்தது. அவள் துள்ளி எழுந்து மேசையில் இருந்த சட்டையை உதறிப் பார்த்தாள். சட்டையில் ஒன்றுமில்லை. விரிப்பைத் தூக்கிப் பார்த்தாள், ஒன்றுமில்லை. இஸ்திரிப்பெட்டி பக்கவாட்டில் சாய்த்து வைக்கப்பட்டிருந்தது. அதன் அடித்தகட்டின் மேல் தம்பியின் இடது கை சாய்ந்திருந்தது.

அவன் இன்னமும் தெருவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

ஒரு ஈ உட்கார்ந்தால் கூரைக்குப் பறந்த கை அது. அக்கா அதைப் பிடித்து இழுத்தபோதுதான் அவன் திரும்பி, தன் கையையே யாரோ ஒருவருடைய காயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தான். அப்போதுதான் அவனுக்குப் பயம் வந்தது.

பெரிய ஆஸ்பத்திரியில் படம் எடுத்தார்கள். எடுப்பதற்கே கழுத்து அசையாமல் இருக்க மருந்து கொடுத்துத் தூங்கவைக்க வேண்டியிருந்தது. பார்த்தவர் ஒரு பெண் டாக்டர், வேகமாகப் பேசுகிறவர். படத்தை விளக்கொளியில் வைத்துக் காட்டினார். நாற்பது வருடமாகத் திருகித் திருகிக் கழுத்தெலும்புகளுக்கு இடையே இருந்த மெத்தை தேய்ந்துபோயிருந்தது. எலும்பு பிதுங்கி, மூளையிலிருந்து கை காலுக்குச் சேதி கொண்டுபோகிற தண்டுவடத்தை நெரித்துக்கொண்டிருந்தது. இப்படி ஆட்டம் இருக்கறவங்களுக்கு இது வரக்கூடியதுதான், கவனிக்கணும் என்றார்.

"ஆட்டம் எப்ப நின்னுது?"

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சும்மா."

"அப்பவே ஏன் காட்டல?"

"நல்லாயிட்டான்னு நெனச்சோம்" என்றாள் அக்கா.

டாக்டர் கையில் இருந்த பேனாவைக் கீழே வைத்தார்.  அக்காவே தொடர்ந்தாள். "இவன் அப்பவே சொன்னான். கை போகுது, கழுத்தைப் பாருங்கன்னு ஒரு டாக்டர்கிட்ட சொன்னான். நான் அதைச் சொல்லல. மாத்திச் சொல்லிட்டேன்."

மாஸ்டரின் முகம் அவள் பக்கம் திரும்பியது. ஏதோ சொன்னான். டாக்டர் காத்திருந்தார்.

"என்ன சொல்றார்?"

"கதையெல்லாம் அப்புறம், கால் தேறுமான்னு கேளுங்கறான்."

டாக்டர் அக்காவுக்குப் பதில் சொல்ல வாயெடுத்தார். அக்கா தடுத்தாள். "அவன்கிட்டயே சொல்லுங்கம்மா. நீங்க பேசறது அவனுக்குப் புரியும். அவன் பேசறதுதான் உங்களுக்குப் புரியாது."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவன் எதிரே போட்டுக்கொண்டார். ஆபரேஷன் செய்தால் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், போனது வருமா என்று சொல்ல முடியாது என்றார். எலும்பு கூடுவதற்குக் கழுத்து பல வாரம் ஆடாமல் இருக்க வேண்டும். அவன் கழுத்து ஆடாமல் இருக்குமா என்பதுதான் கேள்வி. மூச்சிலும் சிக்கல் வரலாம். செய்யாவிட்டால் வலது காலும் போகும், பிறகு மூச்சும்.

அவன் அதிக நேரம் யோசிக்கவில்லை. செய்யுங்கள் என்றான். பிறகு சேர்த்துக்கொண்டான்: கழுத்தை நம்பாதீர்கள், அது என் பேச்சைக் கேட்டதே இல்லை. இதையும் அக்கா சொன்னபடி சொன்னாள். டாக்டர் சிரிக்க முயன்றார்.

ஆபரேஷன் முடிந்து தலையைச் சுற்றி இரும்பு வளையம் போட்டு, தோளோடு முட்டுக் கொடுத்திருந்தார்கள். தொண்டையில் குழாய். பேச்சு நின்றுபோயிற்று. அக்கா கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவன் கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தாள். சில நாள் கழித்து, ஒரு காலையில், இடது கையின் சுண்டுவிரல் விலகியது. பிறகு மோதிர விரல். மணிக்கட்டு மெதுவாகத் திருகி எழுந்து, பழைய கோணலில் நின்று, விழுந்தது.

அக்கா வராந்தாவில் ஓடினாள். "ஆடுது சிஸ்டர், கை ஆடுது" என்று கூப்பிட்டாள். வாழ்நாளில் முதல் முறையாக அந்த ஆட்டத்துக்கு அவள் சந்தோஷப்பட்டாள். நர்ஸ் வந்து பார்த்துவிட்டு, ஆட விடாதீங்க, கழுத்து அலுங்கிடும் என்று கண்டித்தாள். மாஸ்டரின் கண் சிரித்தது. சிரித்ததால் கை இன்னும் கொஞ்சம் ஆடியது. முதலாளி அன்று சாயங்காலம் மாடிப்படி ஏறி மூச்சிரைக்க வந்து பார்த்தார். மிதிக்கு எண்ணெய் போட்டு வைத்திருக்கிறேன், வேறு ஆள் போடவில்லை என்று சொல்லிவிட்டுப் போனார்.

நெஞ்சில் சளி கட்டியது. இருமித் துப்ப அவனுக்குப் பலம் இல்லை. காய்ச்சல் ஏறி இறங்கி ஏறியது. டாக்டர் காலையும் மாலையும் வந்தார். பிறகு வரும்போது அக்காவின் முகத்தைப் பார்ப்பதைத் தவிர்த்தார். கை மறுபடி ஆடவில்லை. ஒரு மத்தியானம், அம்மா வழக்கமாக அவன் பக்கத்தில் வந்து உட்காரும் நேரத்தில், மூச்சு நின்றுபோயிற்று.

வளையத்தைக் கழற்றிவிட்டார்கள். கழுத்து நேராக இருந்தது. எதிர்வீட்டம்மா வாயைப் பொத்திக்கொண்டு, "எவ்வளவு அமைதியா தூங்கறான் பாரு, ஒரு ஆட்டம் இல்ல" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். அக்கா அவளை வெளியே போகச் சொன்னாள். குரல் உயரவில்லை. முதலாளிதான் எதிர்வீட்டம்மாவைத் தோளைத் தொட்டு அழைத்துப் போனார்.

வார்டு ஊழியர் தள்ளுவண்டியோடு வந்தார். கையில் நீளமாகக் கிழித்த கட்டுத் துணி இருந்தது. தூக்கும்போது கை தொங்கும், ரெண்டையும் கட்டணும்மா, கொஞ்சம் தள்ளிக்கோங்க என்றார்.

"நான் கட்டறேன்" என்றாள் அக்கா.

அவர் துணியைக் கொடுத்தார். வலது கையை அவரே மார்மேல் எடுத்து வைத்தார். அவள் இடது கையை எடுத்து அதன் மேல் வைத்தாள். இஸ்திரிப்பெட்டி சுட்ட இடம் ஆறி, தோல் பளபளவென்று இருந்தது. அந்த இடத்தில் படாதபடி துணியை மேலே ஏற்றிச் சுற்றினாள். மடிப்பு இல்லாத துணி. ஓரம் அறுக்குமே என்று தோன்றியது. ஓரத்தை உள்ளே மடித்துக்கொண்டு மறுபடி சுற்றினாள். முடிச்சுப் போட்டாள். பிறகு பட்டைக்கும் கைக்கும் நடுவே தன் இரண்டு விரல்களை நுழைத்துப் பார்த்தாள்.

"இறுக்கிக் கட்டுங்கம்மா" என்றார் ஊழியர்.

அவள் விரலை எடுக்கவில்லை. அவன் முகத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள். அவர் வண்டியைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்.